ஐம்பது வயதில் ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஐம்பதை நெருங்கும் வயதில்தான் பலருக்கு இந்தத் தேடல் தொடங்குகிறது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவின் பீரோவைக் காலி செய்யும் வேலை அந்த வயதில்தான் நம் தலையில் விழுகிறது. துணிகளுக்கு அடியில் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ் கிடைக்கும். பின்பக்கம் பென்சிலால் ஏதோ ஊர்ப்பெயர் எழுதிய போட்டோ இருக்கும். பழைய பைபிளின் முதல் பக்கத்தில் வரிசையாகப் பிறந்த தேதிகள் இருக்கும். தாத்தாவின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்று சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த விஷயம் அன்றைக்குத்தான் கையில் பிடிக்கும்படி ஆகிறது.

தமிழ் படிப்பவர்களில் இது யாருக்கு வேண்டியிருக்கும்? கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஸ்காட்லாந்து வம்சாவளியினரை மணந்து, பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துக் கதையையும் சொல்ல நினைப்பவர்களுக்கு வேண்டும். பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ரயில்வே காலனிகளில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு வேண்டும். மலையகத்தில் தோட்டத்துரை ஒருவரின் பெயரோடு பாட்டி கதை உள்ளவர்களுக்கும் வேண்டும். தொடங்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. போய்ச் சேர வேண்டியது ஸ்காட்லாந்தின் ஏதோ ஒரு பாரிஷுக்கு, அதாவது ஒரு சர்ச்சின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதிக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைத் துரத்தாதீர்கள், ஊரைப் பிடியுங்கள். ஜான் மெக்டொனால்டு என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுவார்கள். ஸ்கை தீவில் ஸ்லீட் பாரிஷில் பிறந்த ஜான் மெக்டொனால்டு என்றால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஊர்ப்பெயரைக் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்தது சரிதானா என்று சோதிக்கவும்தான்.

கணினிக்கு முன்னால் போன்

குடும்பத்தில் எண்பதைத் தாண்டியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். பதிவேடு எங்கும் போய்விடாது. பெரியவர்களின் ஞாபகம் அப்படியில்லை.

"நம்ம பூர்வீகம் எது?" என்று நேராகக் கேட்டால் "ஹைலாண்ட்ஸ் பக்கம்னு சொல்வாங்க" (ஹைலாண்ட்ஸ் என்பது ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதி) என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். வேறு மாதிரி கேளுங்கள். தாத்தா எந்தச் சர்ச்சுக்குப் போவார்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்னென்ன செய்யக்கூடாது? கிறிஸ்துமஸ் பெரிதா, புது வருஷம் பெரிதா? ஊரிலிருந்து கடிதம் போட்டது யார்? யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை?

இவை வெட்டிக் கேள்விகள் இல்லை. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனதே 1958-ல்தான். ஸ்காட்லாந்தின் பெரும்பான்மைப் புராட்டஸ்டன்ட் பிரிவான பிரெஸ்பிட்டீரியன் வீடுகளில் புது வருஷம்தான் திருவிழா. ஞாயிறன்று துணி துவைக்கக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது என்று கண்டிப்பு இருந்திருந்தால் லூயிஸ் தீவு மாதிரி ஃப்ரீ சர்ச் என்ற கண்டிப்பான சபை வலுவாக இருந்த பகுதியாக இருக்கலாம். குடும்பம் கத்தோலிக்கமாக இருந்து பெயர் மெக்நீல் என்றால் பாரா தீவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேச்சைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கையில் போட்டோக்களை வைத்துக்கொண்டு பேசினால் பெயர்கள் தானாக வரும். இன்னொன்று: "மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலேறினார்கள்", "பிரபுவின் இளைய மகன், வீட்டை விட்டு ஓடி வந்தவர்" போன்ற கதைகள் ஏறக்குறைய எல்லா ஸ்காட்டிஷ் குடும்பங்களிலும் உண்டு. எழுதி வையுங்கள், ஆனால் ஆதாரம் என்ற பத்தியில் எழுதாதீர்கள்.

கப்பல் இறங்கிய நாட்டின் காகிதங்கள்

நேராக எடின்பரோவுக்குத் தாவும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் பெரும்பாலும் குடியேறிய நாட்டின் காகிதத்தில்தான் ஒளிந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவில் அதிர்ஷ்டம் அதிகம். விக்டோரியாவில் 1853 முதலும் நியூ சவுத் வேல்ஸில் 1856 முதலும் வந்த இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், காலனியில் எத்தனை வருஷம் இருந்தார், எங்கே திருமணம், பிள்ளைகள் யார் யார் என்று ஒரு வாழ்க்கை வரலாறே இருக்கும். நியூசிலாந்தில் 1876-க்குப் பிறகு ஏறக்குறைய அதே தரம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கல்லறைக் கல்லே சில சமயம் பாரிஷ் பெயரைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் குடியுரிமை விண்ணப்பம், சர்ச் உறுப்பினர் பட்டியல், உள்ளூர்ப் பத்திரிகையின் மரணச் செய்தி என்று தேட வேண்டும்.

நேரடி முன்னோரின் சான்றிதழில் வெறும் "ஸ்காட்லாந்து" என்று இருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். அவருடைய தம்பி, அக்கா, பக்கத்துக் கல்லறையில் இருக்கும் பங்காளி என்று அகலமாகத் தேடுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊரோடு ஊராகத்தான் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஊர் உங்கள் ஊராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கப்பல் பட்டியலை அதிகம் நம்பாதீர்கள். பிரிட்டனிலிருந்து வெளியே போன பயணிகளின் பட்டியல் 1890 முதல் 1960 வரைக்கும்தான் ஒழுங்காக இருக்கிறது. அதற்கு முன்னால் கிடைத்தால் லாபம். 1852 முதல் 1857 வரை சுமார் 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய ஹைலாண்ட் அண்ட் ஐலண்ட் எமிக்ரேஷன் சொசைட்டியின் பட்டியல் அந்த மாதிரி ஒரு லாபம்.

1855 என்னும் கோடு

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. இந்தப் பக்கம் வேலை சுலபம், அந்தப் பக்கம் கஷ்டம்.

பார்க்க வேண்டிய இடம் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு இணையதளம். தேசிய ஆவணக் காப்பகம் நடத்துவது. தேடுவது இலவசம். அசல் பக்கத்தின் படத்தைத் திறக்க மட்டும் ஒன்றரை பவுண்டு அளவில் கட்டணம். இணையத்தில் படமாகப் பார்க்க பிறப்புக்கு 100 வருஷமும் திருமணத்துக்கு 75 வருஷமும் இறப்புக்கு 50 வருஷமும் கடந்திருக்க வேண்டும். அதற்குப் பிந்தையவற்றுக்குச் சான்றிதழாகவே பணம் கட்டி வாங்கலாம்.

ஒரு ஸ்காட்டிஷ் சான்றிதழை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்வதில் ஒரு சாயங்காலம் செலவழித்தால் தப்பில்லை. இறப்புப் பதிவில் தகப்பன் பெயரோடு தாயின் பெயரும், கல்யாணத்துக்கு முந்தைய அவளுடைய குடும்பப் பெயரும் இருக்கும். இங்கிலாந்துப் பதிவில் இந்த வசதி கிடையாது. ஆக ஒரு இறப்புப் பதிவு கிடைத்தால் ஒரே தாவலில் முந்தைய தலைமுறைக்குப் போய்விடலாம். பெண்களைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்: ஸ்காட்லாந்தில் சட்டப்படி ஒரு பெண் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை, கல்லறைக் கல்லிலும் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் செதுக்கியிருப்பார்கள்.

சான்றிதழில் தகவல் கொடுத்தவர் யார் என்றும் இருக்கும். அதைப் பார்க்காமல் விடாதீர்கள். மகன் சொன்ன தகவலுக்கு ஒரு மதிப்பு. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரோ குடியிருந்த வீட்டுக்காரரோ சொல்லியிருந்தால் பெற்றோர் பெயரில் பாதி ஊகமாக இருக்கலாம்.

உங்கள் ஆளோ, அவருடைய உடன்பிறப்போ சரியாக 1855-ல் பிறந்திருந்தால் குடும்பத்துக்கே யோகம். அந்த ஒரு வருஷம் மட்டும் அதிகாரிகள் அளவுக்கு மீறி ஆசைப்பட்டுவிட்டார்கள். பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த இடம், திருமணமான தேதி, முன்பு பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். குமாஸ்தாக்களுக்குச் சமாளிக்க முடியவில்லை. மறு வருஷமே குறைத்துவிட்டார்கள். பெற்றோரின் திருமணத் தேதியும் இடமும் மட்டும் 1861-ல் திரும்ப வந்தன.

பக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது குறிப்பு இருந்தால், அது திருத்தப் பதிவேட்டுக்கு வழிகாட்டும். கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையாக இருக்கும். பிறகு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இன்னார்தான் தகப்பன் என்று தீர்ப்பு வாங்கியிருப்பாள். பான்ஃப்ஷயர், அபர்டீன்ஷயர் போன்ற வடகிழக்குப் பண்ணைப் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டில் இது சர்வசாதாரணம். நம் வீடுகளில் ஐம்பது வயதுக்காரர் இதைக் கண்டுபிடித்து எண்பது வயது அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் 1921 வரை பத்து வருஷத்துக்கு ஒன்று கிடைக்கிறது. 1841-ஐ மட்டும் ஜாக்கிரதையாகப் படியுங்கள். பதினைந்துக்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், அதனால் 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1881 முதல் ஹைலாண்ட்ஸ், தீவுகளின் பழைய மொழியான கேலிக் பேசுவாரா என்ற கேள்வியும் உண்டு. நம் முன்னோர் வீட்டில் பேசிய மொழி எது என்று தெரிவது சிலருக்கு ஊர்ப்பெயரைவிடப் பெரிய விஷயமாக இருக்கிறது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

1855-க்கு முன்னால் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. பெர்த்ஷயரின் எரல் பாரிஷில் 1553 முதலே பதிவு இருக்கிறது. ஆனால் ஹைலாண்ட்ஸிலும் தீவுகளிலும் பல பாரிஷ்களில் 1800-ஐ ஒட்டித்தான் ஆரம்பம். அங்கே 1780-ல் பிறந்தவரின் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் தேடலின் குறை இல்லை, பதிவேடே இல்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்தது. ஏழைகள் பலர் பதியாமலே விட்டுவிட்டார்கள். 1843-ல் சபை பிளந்தபோது போதகர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறி ஃப்ரீ சர்ச் தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய ஞானஸ்நானம் வேறு பதிவேட்டில் கிடக்கலாம்.

கிர்க் செஷன் பதிவுகளைச் சும்மா புரட்டிப் பாருங்கள். சர்ச் மூப்பர்கள் நடத்திய விசாரணைகளின் குறிப்பு அது. பாரிஷில் யார் குடித்தார், யார் யாரோடு பழகினார், யாருக்குத் தர்மக் காசு போனது எல்லாம் வரும். ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிளிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பெயர் வைத்துத் தேடுவதைவிடப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும், பொறுமை வேண்டும்.

பெயர் வைக்கும் வழக்கம் நமக்குப் பழகியதுதான். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். இது சட்டமில்லை, ஆனால் ஒரே பெயரில் இரண்டு குடும்பம் நிற்கும்போது எது நம்முடையது என்று பிரிக்க உதவும். மோரே கடற்கரை மீனவக் கிராமங்களில் ஊரே ஒரே குடும்பப் பெயராக இருந்ததால் பட்டப்பெயரை அரசுப் பதிவிலேயே சேர்த்து எழுதினார்கள். ஷெட்லாண்டில் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் குடும்பப் பெயரே நிலையாக இல்லை, தகப்பன் பெயர்தான் மகனோடு ஒட்டிக்கொள்ளும். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது அதிசயமே இல்லை. லண்டனிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஏன் கிளம்பினார்கள்?

ஸ்காட்லாந்து வம்சாவளியினரைக் கேட்டால் பாதிப் பேர் தங்கள் முன்னோர் நிலத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள் என்பார்கள். ஹைலாண்ட் வெளியேற்றங்கள் உண்மைதான். சதர்லாண்டில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் ஊர் ஊராகக் காலி செய்து செம்மறியாடு விட்டார்கள். 1845-ல் கிளென்கால்வி மக்கள் குரோய்க் சர்ச்சின் வளாகத்தில் தஞ்சம் புகுந்து, ஜன்னல் கண்ணாடியில் தங்கள் நிலைமையைக் கீறி வைத்தார்கள். அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன. கேலிக் பேசியவர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். 1846-ல் உருளைக்கிழங்கு நோய் வந்து மிச்சமிருந்தவர்களையும் அசைத்தது.

ஆனால் கப்பலேறியவர்களில் பெரும்பான்மையினர் லோலாண்ட்ஸ் என்ற தாழ்நிலப் பகுதிக்காரர்கள். கிளாஸ்கோவின் மெக்கானிக், டண்டீயின் ஆலைத் தொழிலாளி, அபர்டீன்ஷயர் பண்ணைவேலைக்காரர் போன்றவர்கள், நல்ல கூலி தேடிப் போனவர்கள். இது சோகக் காவியமாக இல்லாததால் குடும்பங்களில் மறந்துபோய், விரட்டியடிக்கப்பட்ட கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் ஆள் எந்த வகை என்று பாரிஷும் வருஷமும் சொல்லிவிடும். பாரிஷ் போதகர்கள் எழுதிய புள்ளிவிவரக் குறிப்புகள் 1790-களிலும் 1834-45-லும் வெளிவந்தன. கூலி எவ்வளவு, என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பேர் அமெரிக்கா போனார்கள் என்று ஊர்வாரியாக இருக்கும். அவசியம் படியுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை

எச்சில் டப்பாவை அனுப்பினால் "38 சதவீதம் ஸ்காட்லாந்து" என்கிற மாதிரி வரும். அந்த எண்ணைக் கொண்டாடாதீர்கள். நிறுவனம் கணக்கு முறையை மாற்றும்போது அது 25 ஆகும், 50-உம் ஆகும். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் 1600-கள் முதல் மாறி மாறிக் கலந்தவை, பிரித்துச் சொல்வது கஷ்டம். உபயோகமானது உறவினர் பட்டியல்தான். மூன்றாம் தலைமுறைத் தாயாதி வரைக்கும் ஓரளவு உறுதியாகப் பிடிக்கும். அதற்கு அப்பால் பாதிக்குப் பாதி உறவு கண்ணில் படாமலே போகலாம். வீட்டில் மூத்தவர் ஒருவரின் மாதிரியைக் கொடுக்க முடிந்தால் அது உங்களுடையதைவிட ஒரு தலைமுறை நெருக்கம்.

கொடுப்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள். நீங்கள் கொடுக்கும் மாதிரியில் உங்கள் பிள்ளைகளின் தகவலும் இருக்கிறது. 2023-ல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து லட்சக்கணக்கானோரின் தகவல் திருடுபோனது, 2025-ல் நிறுவனமே திவால் மனு போட்டது.

டார்ட்டன், குலம், கேடயச் சின்னம்

குடும்பப் பெயர் கேம்ப்பெல் என்பதால் நீங்கள் கேம்ப்பெல் தலைவரின் ரத்தம் ஆகிவிடமாட்டீர்கள். குத்தகைக்காரர்கள் நிலக்கிழாரின் பெயரை எடுத்துக்கொண்டது நிறைய நடந்திருக்கிறது. ஒவ்வொரு குலத்துக்கும் டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணி ஒன்று என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுக் கைவேலை. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நடத்திய தடபுடல் வரவேற்பில்தான் அது சூடுபிடித்தது. கேடயச் சின்னம் சட்டப்படி ஒரு தனிநபருக்குச் சொந்தம், குடும்பப் பெயருக்கு அல்ல. கடையில் விற்கும் "உங்கள் குடும்பச் சின்னம்" வெறும் அலங்காரம். கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொள்ள ஆசையா, தாராளமாகக் கட்டுங்கள். யாரும் தடுக்கப்போவதில்லை. அதை ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னை, மலையகம் வழியாக வந்தவர்களுக்கு

சென்னை மாகாணத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் சிப்பாய், சர்வேயர், மிஷனரி, வியாபாரி என்று நிறையப் பேர். கவர்னர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர், சுவடி சேகரித்த காலின் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேக்காரர். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் 1821-ல் திறந்தது இவர்களுக்காகத்தான்.

மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை சென்னைக்குரியது. பல பக்கங்கள் ஃபைண்ட் மை பாஸ்ட் தளத்தில் படமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவசத் தேடல் உண்டு. சங்கடம் என்னவென்றால், தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால் பழைய பதிவுகளில் அவள் பெயரே இருக்காது, அல்லது வெறும் ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். அவளைத் தேட உயில்களுக்குப் போக வேண்டும். சட்டப்படி மனைவி இல்லாதவளுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று எழுதிவைத்தவர்கள் பெயரையும் எழுதினார்கள்.

இலங்கையில் 1867-ல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயர்காரர். அவரைப் போல வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து துரைகள் சாரிசாரியாக வந்தார்கள். டன்சினேன், ஹோலிரூட் என்று தோட்டப் பெயர்களிலேயே அது தெரிகிறது. துரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகளுக்கு ஆவணம் அபூர்வம். இங்கே டி.என்.ஏ.தான் முதல் கருவி, காகிதம் இரண்டாவது. வடக்கே கலிம்போங்கில் ஸ்காட்டிஷ் மிஷனரி ஜான் ஆண்டர்சன் கிரஹாம் 1900-ல் தொடங்கிய விடுதியில் அஸ்ஸாம், டார்ஜிலிங் துரைகளின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1908 முதல் 1938 வரை அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளிடம்கூட இந்தியாவைப் பற்றி வாய் திறக்காமல் வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர். பேரப்பிள்ளைகள்தான் நடுத்தர வயதில் இந்தக் கதையைத் தோண்டியெடுத்தார்கள்.

நான் ஸ்காட்டா?

ஆவணங்கள் ஓரளவு சேர்ந்ததும் இந்தக் கேள்வி வரும். நோவா ஸ்கோஷியாக்காரர் ஒருவர் கிளாஸ்கோ பப்பில் உட்கார்ந்து "நானும் ஸ்காட்" என்றால் எதிரே ஒரு புன்சிரிப்புத்தான் கிடைக்கும். அங்கே இருப்பவர்களுக்கு ஸ்காட் என்றால் அங்கே வாழ்பவர். கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கும் பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் அவர்களுக்கு முழு ஸ்காட். டொராண்டோவில் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணம் போய் "வெளிநாட்டுப் பிள்ளை" என்ற பட்டத்தோடு திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். புலம்பெயர்ந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு ஸ்காட்லாந்தைக் கட்டிக்கொண்டார்கள். ஜனவரி 25 கவிஞர் பர்ன்ஸ் பெயரிலான இரவு விருந்து, ஏப்ரல் 6 டார்ட்டன் தினம், வட கரோலினாவில் 1956 முதல் நடக்கும் ஹைலாண்ட் விளையாட்டுகள் எல்லாம் அதில் சேர்த்தி. அது போலி என்று நான் சொல்லமாட்டேன். அது புலம்பெயர்ந்தவர்களின் பண்பாடு, அப்படியே ஒப்புக்கொண்டால் போதும்.

ஒப்புக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. விரட்டப்பட்டவர்கள் போய் இறங்கிய நிலம் சும்மா கிடந்த நிலமல்ல. நோவா ஸ்கோஷியா மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களுடையது. ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்டில் 1843-ல் பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்ட வாரிகல் க்ரீக் படுகொலை ஸ்கை தீவில் பிறந்த ஆங்கஸ் மெக்மில்லன் தலைமையில் நடந்ததாகவே வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஜமைக்காவில் கேம்ப்பெல் என்ற பெயர் இவ்வளவு பரவியிருப்பது அடிமைத் தோட்டங்களால். அடிமை முறை ஒழிப்புக்காக அரசு கொடுத்த 2 கோடி பவுண்டு நஷ்டஈடு போனது உடைமையாளர்களுக்கு. அவர்களின் பெயர்ப் பட்டியலை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் குடும்பப் பெயரையும் ஊரையும் அதில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் தேடலை முடிக்காதீர்கள்.

விசாவும் பயணமும்

தாத்தா பாட்டிகளில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருந்தால், இந்தியா, இலங்கை உட்பட காமன்வெல்த் குடிமக்கள் வம்சாவளி விசா கேட்கலாம். 17 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல் வரம்பு இல்லை, ஆனால் அங்கே வேலை பார்க்கும் எண்ணமும் தெம்பும் காட்ட வேண்டும். ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள். கொள்ளுத் தாத்தா கணக்கில் வராது.

போய்ப் பார்ப்பதென்றால் முதலில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். 19-ஆம் நூற்றாண்டின், மைலுக்கு ஆறு அங்குல அளவிலான வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்; இடிந்த வீட்டின் நாலு சுவர்கூடத் தெரியும். எடின்பரோவில் பிரின்ஸஸ் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில் ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ் இருக்கிறது. அங்கே ஒரு நாள் கட்டணம் கட்டினால் படங்களை ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பட்டியலைத் தயார் செய்துகொண்டு போங்கள், நாள் பறந்துவிடும். சதர்லாண்ட் பக்கம் போனால் ரோஸல் என்ற காலி செய்யப்பட்ட கிராமத்தின் சுவடுகளையும் பெட்டிஹில்லில் இருக்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தீவுகளுக்குக் காரோடு போவதாக இருந்தால் படகு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாக எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற பொடிக்கொசு உயிரை எடுக்கும், மே மாதம் உத்தமம். 2003-ஆம் வருஷச் சட்டப்படி தனியார் நிலத்திலும் பொறுப்பாக நடந்து போக உரிமை உண்டு. இடிபாடுகளைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மே மாதம் ஆட்டுக்குட்டிகள் இருக்கும் சமயம். நாயைக் கூட்டிப் போகாதீர்கள், நீங்கள் திறந்த படலை மூடிவிட்டு நடங்கள்.